ஓட்டை இல்லாத கோஸ்

கோஸில் ஓட்டை இல்லை. மேல் இலை இரண்டை உரித்துப் போட்டேன், மூன்றாவதையும் உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஊசி போகிற துவாரம்கூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். டவுனில் காய் வாங்குகிறவர்கள் உருட்டி உருட்டிப் பார்த்து ஓட்டை இல்லாததைத்தானே கூடையில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு ஓட்டை வேண்டும். முப்பது வருஷமாக இந்த மலையில் கோஸ் போடுகிற வீட்டுக்காரி நான். விற்கிற பாத்திக்குப் பூச்சிமருந்து அடிப்போம், வீட்டுக்கென்று ஒதுக்கிய பாத்திக்கு அடிக்க மாட்டோம். அதனால் வீட்டுக் கோஸில் புழு இருக்கும், ஓட்டை இருக்கும், இலை மடிப்பில் பச்சையாகப் புழுக்கை இருக்கும், அதை அலசிவிட்டுச் சாப்பிடுவோம். கொடைக்கானலுக்கு மேலே எங்கள் மேல்மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதான் வழக்கம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரும் இதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. புழு விழுந்தது வீட்டுக்கு, சுத்தமானது லாரிக்கு. இப்போது என் அரிவாள்மனைக்கு முன்னால் கிடக்கிற கோஸ் லாரிக்குப் போகிற கோஸ் மாதிரி இருக்கிறது. பாதியை ஏற்கெனவே பொடியாக அரிந்துவிட்டேன். அரிந்ததில் ஒரு பிடியை என் மகள் இந்து வந்து அள்ளி வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு ஏழு மாதம் முடிந்து நான்கு நாள் ஆகிறது.

காலையில் நான்தான் போய் வெட்டிக்கொண்டு வந்தேன். ஏழரை மணி இருக்கும், வெயில் இன்னும் மலையைத் தாண்டி இறங்கவில்லை, புல்லெல்லாம் உப்பைக் கொட்டி வைத்த மாதிரி உறைபனி. செருப்புக்குள் கால்விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, தொட்டியை ஒட்டி முதல் சில வரிசை வீட்டுக் கோஸ், அதற்கு அப்பால் கீழ்ப்படி வரைக்கும் விற்கிற கோஸ். இரண்டுக்கும் நடுவில் வரப்பு கிடையாது. வீட்டுக் கோஸின் கடைசி வரிசைக்கு இந்த முனையில் ஒரு செண்டுமல்லிச் செடி, அந்த முனையில் ஒரு செண்டுமல்லிச் செடி, அதுதான் அடையாளம். பூவைப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடி வெட்டலாம். போன வாரப் பனியில் இரண்டு செடியும் கருகிவிட்டது, கருகினதை எதற்கு விட்டுவைக்கிறது என்று இந்துவின் அப்பா பிடுங்கி எறிந்துவிட்டார். அந்த மனிதருக்கு எதையாவது பிடுங்கி எறிவதென்றால் தனி ஆனந்தம். பிடுங்கின இடத்தில் ஒரு குச்சியையாவது ஊன்றி வைத்தாரா? வைத்திருந்தாலும் பனிக்காக எல்லாப் பாத்தி மேலும் சாக்கைப் போர்த்தியிருக்கிறதே, நான் எதைப் பார்த்தேன். ஒரு சாக்கைத் தூக்கினேன், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கோஸை வெட்டினேன், குளிர் தாங்காமல் ஓடி வந்துவிட்டேன். அது ஆறாவது வரிசை. ஆறுதான், வாய்விட்டு எண்ணினேன். வீட்டுக்குப் போட்டது ஆறு வரிசையா ஐந்து வரிசையா என்பதுதான் இப்போது தெரியவில்லை. வருஷா வருஷம் ஐந்து. இந்த வருஷம் பாப்பா பிரசவத்துக்கு வரப்போகிறாள், ஒரு வரிசை சேர்த்துப் போடுகிறேன் என்றார். சொன்னார், போட்டாரா? நாற்று நட்ட அன்றைக்கு நான் பூண்டு பறிக்கப் போயிருந்தேன்.

கடைசியாக மருந்தடித்து இன்றோடு மூன்று நாள். எனக்கு நன்றாகத் தெரியும், கலந்தவள் நான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து வந்து இந்துவை ஸ்கேன் எடுக்கக் கொடைக்கானலுக்குக் காரில் அழைத்துப் போனார். நீயும் வாம்மா என்று அவள் கூப்பிட்டாள். சமையல் இருக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றேன். சமையலாவது ஒன்றாவது. அவள் வீட்டில் இல்லாத ஒரு நாள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கார் வளைவில் திரும்பினதும் இந்துவின் அப்பா கைத்தெளிப்பானை எடுத்து முதுகில் மாட்டினார், நான் டிரம்மில் தண்ணீர் ரொப்பி, மூடியால் அளந்து ஊற்றி, நீளக் குச்சியால் கலக்கினேன். இந்துவுக்கு இதெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து திண்டுக்கல்லில் ஹாஸ்டல், அப்புறம் காலேஜ், அப்புறம் வேலை, கல்யாணம். லீவுக்கு அவள் வருகிற நாட்களில் மருந்தடிப்பதைத் தள்ளிப்போடுவோம். அடித்தால் இரண்டு வாரம் வெட்டக் கூடாது என்று மருந்துக் கடையில் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். சொல்கிறவர் சொல்லிக்கொண்டிருப்பார், விலை ஏறினால் மூன்றாம் நாளே வெட்டி ஏற்றிவிடுவோம். இன்று விடியற்காலையில் அவர் லோடு ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருப்பது அந்தக் கோஸைத்தான்.

"அம்மா, கோஸ வேக வச்சிறாத" என்று முன்னறையிலிருந்து இந்து குரல் கொடுத்தாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படி வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். "பச்சையா இருக்கணும். அப்பத்தான் சாலட்டு."

"குளிருல பச்சையாத் தின்னா சளி பிடிக்கும்டி. பட்டாணியும் கோஸும் போட்டுக் கூட்டு வச்சுத் தாரேன், சூடா சாப்பிடு."

"பத்து நாளாக் கூட்டுத்தானம்மா திங்கிறேன். இன்னிக்கு ஒரு நா எனக்குப் பிடிச்ச மாரி பண்ணிக் குடேன்."

பண்ணிக் கொடுக்கிறேன் தாயே. சாலட் என்று அவள் சொல்வதை முதல் நாள் கேட்டபோது சிரித்துவிட்டேன். கோஸைப் பொடியாக அரி, கேரட்டைத் துருவு, பீட்ரூட்டை மட்டும் லேசாக வேகவைத்துத் துண்டு போடு, முள்ளங்கியைச் சீவு, பச்சைப் பட்டாணியைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு எடு, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து மிளகுத்தூள் தூவி வறுத்த வேர்க்கடலையை இடித்துப் போடு. இதற்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு டாக்டர், அந்த டாக்டருக்கு ஒரு வீடியோ. தாளிக்காத ஒன்றைச் சமையல் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். ஆனாலும் இந்தக் குளிரில் மார்கழி தையில் மண்ணுக்குள்ளிருந்து வருகிற கேரட்டுக்கு ஒரு இனிப்பு உண்டு, பனி விழ விழ அது ஏறும், பச்சையாகக் கடித்தால்தான் தெரியும். அதை அவள் சரியாகத்தான் சொல்கிறாள். கேரட் வரட்டும், முள்ளங்கி வரட்டும், பட்டாணி வரட்டும், அதிலெல்லாம் பயமில்லை, அது மேட்டில் நாலு சால் தனியாகப் போட்டது. கோஸ்தான். அரிந்த கோஸைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன், கல்லுப்பு போட்டேன், மஞ்சள் போட்டேன், கொஞ்சம் புளித்தண்ணீரும் விட்டேன். கழுவி ஊற்றிவிட்டு மறுபடியும் ஊற்றினேன். ஐஸ் தண்ணீர், மணிக்கட்டு வரைக்கும் கை விறைத்துவிட்டது. மூன்றாவது தடவை கழுவும்போதுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. மருந்து கலக்கும்போது கூடவே ஒரு ஒட்டுப்பசை ஊற்றுவோம், மழை பெய்தாலும் பனி கரைந்தாலும் மருந்து இலையை விட்டுப் போகாமல் பிடித்துக்கொள்வதற்கு. அதையும் மூடியால் அளந்து ஊற்றியவள் நான்தான். தண்ணீரில் போகக் கூடாது என்று பசை போட்டு ஒட்டினவளே இப்போது தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பிடி. அவள் அள்ளியது ஒரு பிடிதான், அதிலும் கொஞ்சம் கீழே சிந்தியது. குருத்துப் பக்கமா மேல் பக்கமா? குருத்து என்றால் இலை மூடியிருக்கும், மருந்து உள்ளே அவ்வளவாக இறங்காது. மேல் பக்கத்தைத்தானே முதலில் அரிந்தேன். இல்லை, மேல் இரண்டை உரித்த பிறகு. உரித்தது அரிவதற்கு முன்னாலா பின்னாலா? கை பாட்டுக்குச் செய்கிற வேலையை மூளை எங்கே பார்த்தது. ஒரு பிடி ஒன்றும் செய்யாது. நாங்கள் தெரியாமல் எத்தனை தடவை தின்றிருப்போம், மருந்துக் கையோடு வெற்றிலை போட்டிருக்கிறேன், நான் என்ன செத்தா போனேன். ஆனால் நான் ஐம்பது வயசுக் கட்டை. அவள் வயிற்றுக்குள் இருப்பது ஒரு கிலோவோ ஒன்றே கால் கிலோவோ என்று ஸ்கேனில் சொன்னார்களாம். நூக்கல் காய் இரண்டு சேர்ந்தால் அவ்வளவு இருக்கும். அதற்கு ஒரு பிடி என்பது எவ்வளவு? மேலத்தெரு மாயழகு ஒரு தடவை மூக்கில் துணி கட்டாமல் அடித்துவிட்டுப் பாத்தியிலேயே சாய்ந்தான், வாயில் எச்சில் ஒழுகியது, கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிப்போயிற்று, குதிரையில் மூட்டை மாதிரி போட்டு ரோடு வரைக்கும் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டான். முதலில் அவன் சொன்னது தலை வலிக்கிறது என்றுதான்.

"அம்மா, லேசா தல வலிக்குது" என்றாள் இந்து.

கேரட் துருவியைப் போட்டது போட்டபடி ஓடினேன்.

"எங்க வலிக்குது? எந்தப் பக்கம்? வாய்ல எச்சி ஊறுதா? எங்க, என்னையப் பாரு."

"என்னம்மா நீ. குளிருக்கு வலிக்குது. காலைல காப்பி குடிக்கல, அதான்."

அவள் மோவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன். கண்மணி சின்னதாகத்தான் இருந்தது. வெயிலில் எல்லோருக்கும் சின்னதாகத்தானே இருக்கும். நிழலுக்கு இழுத்துப் பார்க்கலாம் என்றால் அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள், அந்தக் குரலில் பயம் எட்டிப் பார்த்தது, நான் உடனே சிரித்தேன். "ஒண்ணுமில்ல, கண்ணுல பூள இருக்குது, தொடச்சுக்க" என்றேன். அவளிடம் சொல்ல முடியாது. அது மட்டும் முடியவே முடியாது. அவளைப் பயமுறுத்தும்படி எதையும் சொல்லாதீர்கள் என்று கோயம்புத்தூர் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

இது இரண்டாவது. முதலாவது இரண்டு வருஷத்துக்கு முன்னால், மூன்று மாதம் முடிகிற நேரத்தில் போய்விட்டது. நான் பஸ் பிடித்துக் கொண்டைஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அழவில்லை. நாலு நாளும் அழவில்லை. ஐந்தாம் நாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு அழுதாள், நான் என்னம்மா பண்ணினேன் என்று கேட்டு அழுதாள். காரணம் எதுவும் இல்லை, சில நேரம் இப்படி ஆகும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். எனக்குக் காரணம் இல்லாமல் தூக்கம் வராது. மாப்பிள்ளை பைக்கில் உட்காரவைத்து ஆபீசுக்குக் கொண்டுபோய் விட்டாரே, அதுதான் என்று முடிவு கட்டினேன். ஒரு வருஷம் அவரிடம் நேராக முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், அந்தப் பையன் கார் வாங்கினதே அதற்கு அப்புறம்தான். இந்தத் தடவை ஏழாம் மாதத்திலேயே வளைகாப்புப் போட்டுக் கையோடு அழைத்து வந்தேன். நம் வீடு, நம் காற்று, நம் காய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சம்பந்தியம்மாவிடம் பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். பார்த்துக்கொள்கிற லட்சணம் இதுதான். ஏதாவது ஒன்று ஆனால் அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த அம்மா கிடக்கட்டும். இவள் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் நான் எந்தப் பக்கம் போய் உட்காருவேன்?

காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்கிற நேரத்தில் பின்கதவு வழியாகப் பாத்திக்குப் போனேன். சாக்கைத் தூக்கினேன். வெட்டிய இரண்டு தண்டும் ஈரமாக நின்றது, தொட்டியிலிருந்து எண்ணினேன், ஆறு. திரும்பவும் எண்ணினேன், ஆறு. அந்த வரிசையில் பக்கத்துக் கோஸில் அடி இலையில் ஓட்டை இருந்தது, ஒரு நொடி உயிர் வந்தது. அடுத்த நொடியே போயிற்று, விற்கிற கோஸிலும் அடி இலையில் பழைய ஓட்டை இருக்கும், முதல் மருந்துக்கு முன்னால் தின்றது. இந்தப் பனிக்கு வீட்டுக் கோஸிலும் புழு குறைந்துவிடும். ஓட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதுவும் சொல்ல முடியாது என்றால் நான் எதைத்தான் பார்ப்பது? இலையை முகர்ந்தேன், சாக்கு நாற்றம்தான் அடித்தது, மூக்கும் அடைத்திருந்தது. குச்சி ஒன்றும் ஊன்றியிருக்கவில்லை. நட்டவருக்குத்தான் தெரியும். மூன்று நான்கு தடவை போனைப் போட்டேன். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் சாவகாசமாகச் சொன்னாள். அவர் எல்லைக்கு வெளியே இல்லை, நான்தான் வெளியே இருக்கிறேன். டவர் இருக்கிற மலையில் மஞ்சுமூட்டம் இறங்கினால் எங்கள் ஊருக்குச் சிக்னல் படுத்துவிடும்.

உள்ளே வந்து சட்டியில் இருந்த கோஸைப் பிழிந்து எடுத்தேன். கொட்டிவிட வேண்டியதுதான். கை பழக்கத்தில் கொட்டகைப் பக்கம் போயிற்று, எங்கள் குதிரை கழுத்தை நீட்டியது, மிச்சக் காயெல்லாம் அதற்குத்தான். அதன் வாய்க்குப் பக்கத்தில் போய்க் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அது பாவம், வாயில்லாத பிராணி, ஏதாவது ஆகிவிட்டால்? குதிரைக்குக் கொடுக்கவே எனக்குக் கை வரவில்லை. இன்று காலை லாரியில் எத்தனை மூட்டை ஏறியது? அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது, அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். கோஸைக் குப்பைக் குழியில் கொட்டி மேலே மண்ணைத் தள்ளினேன்.

இன்னொரு கோஸ் இருக்கிறது. பக்கத்திலேயே வெட்டின கோஸ், அதே ஆறாவது வரிசை. அதில் ஒரு புழு இருந்துவிட்டால் போதும். உயிரோடு ஒரே ஒரு புழு. மூன்று நாளைக்கு முன்னால் மருந்து பட்ட கோஸில் புழு உயிரோடு இருக்கவே முடியாது, நாங்கள் ஊற்றுகிற மருந்து இலைக்குள் ஊறி மடிப்பில் ஒளிந்த புழுவையும் கொன்றுவிடும். சுடுதண்ணீரை விளாவி உப்புப் போட்டு வைத்தேன், இலையை ஒவ்வொன்றாக உரித்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். முதல் இலையில் இல்லை. இரண்டாவதில் நரம்போரம் ஒரு பழுப்பு, அது பனிக்கடி. மூன்றாவதில் இல்லை. எத்தனை வருஷம் புழுவை எடுத்து எடுத்து எறிந்திருக்கிறேன், ஒரு தடவை சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது கூட்டில் ஒன்று செத்து மிதந்து மானம் போயிற்று, அன்றைக்கு அதைச் சபித்த சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எங்கள் குழந்தை வேலப்பா, உனக்கு முடி காணிக்கை வேண்டுமா, காவடி வேண்டுமா, எல்லாம் தருகிறேன், இந்தக் கோஸில் ஒரு புழுவைக் காட்டு. நான்காவது இலை. ஐந்தாவது. இலை சின்னதாகிக்கொண்டே வருகிறது, வெள்ளையாகிக்கொண்டே வருகிறது, இனி உள்ளே குருத்துதான். எனக்கு இலையை உரிக்கப் பயமாக இருந்தது. உரிக்காத வரைக்கும் உள்ளே இருக்கலாம். அரிவாள்மனைக்கு முன்னால் கோஸை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பட்டாணி வெந்து குழைந்துவிட்டது, வேர்க்கடலை வாணலியில் ஒரு பக்கம் கருகிய வாடை. இந்து வெளியே யாரிடமோ போனில் பேச முயன்று ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தாள். குரல் தெளிவாக இருந்தது, நாக்கு குழறவில்லை. ஆறாவது இலையை உரித்தேன்.

காம்பு ஓரத்தில், இலையின் நிறத்திலேயே, சுருண்டு கிடந்தது. செத்ததா? குளிரில் விறைத்துக் கிடப்பதும் செத்துக் கிடப்பதும் ஒரே மாதிரிதான் இருக்கும். நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதினேன். சூடாக ஊதினேன், பச்சைக் குழந்தைக்கு ஊதுவது போல ஊதினேன். அசையவில்லை. அடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோய்க் காட்டினேன். முன்பக்கம் தூக்கியது. தூக்கித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது, பிறகு முதுகை வளைத்து என் ஆயுள்ரேகை மேல் நடக்க ஆரம்பித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு புழுவைப் பார்த்து அழுத பொம்பளை இந்த மலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆறு வரிசை போட்டிருக்கிறார், மகராசன், சொன்னபடி ஒரு வரிசை சேர்த்துப் போட்டிருக்கிறார். புழுவை ஒரு பழுத்த இலையில் வைத்து ஜன்னல் திட்டில் விட்டேன். மனசு லேசானதும் கை தானாக ஓடியது. மிச்சக் குருத்தை நூல் நூலாக அரிந்தேன், கேரட் துருவலைப் பிரித்துப் போட்டேன், பீட்ரூட் துண்டைக் கடைசியில் போட்டேன், இல்லாவிட்டால் எல்லாம் சிவந்துவிடும். முள்ளங்கியைக் கண்ணாடி மாதிரி சீவி, குழைந்த பட்டாணியில் நல்லதாக நாலைப் பொறுக்கி, கருகாத கடலையை இடித்து, எலுமிச்சை பிழிந்து, மிளகு தட்டிப் போட்டுக் கிளறினேன். அவளுக்குத் தெரியாமல் ஒரு கரண்டி எண்ணெயில் கடுகும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"தாளிச்சிட்டியா?" என்றாள் முதல் வாயிலேயே.

"கொஞ்சூண்டு. நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. கோஸு மட்டும் கொஞ்சம் நாறு மாரி இருக்குது. எங்க கடைல வாங்குற கோஸு இத விட நல்லா இருக்கும்மா. வெள்ளையா, மொறுமொறுன்னு, ஒரு ஓட்ட இருக்காது."

"எந்தக் கடை?"

"எங்க தெருமொனைக் கடை. கொடைக்கானல் மேல்மலைக் கோஸுன்னு அட்டைல எழுதித் தொங்க விட்டுருப்பாரு. அதப் பாத்தாலே எனக்கு ஒரு மாரி இருக்கும். நம்ம அப்பா கை பட்டதா இருக்குமோன்னு நெனச்சுக்குவேன். அதுக்காகவே வாங்குவேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பச்சையாவா?"

"பச்சையாத்தான். டப்பால போட்டு ஆபீஸுக்குக் கொண்டு போவேன், மத்தியானம் அதான் சாப்பாடு. கல்யாணம் ஆனதுல இருந்து அப்படித்தான்."

"போன தடவ. அப்பயும் தின்னியா?"

"அப்பத்தாம்மா நெறைய. டாக்டரு காய் நல்லா சாப்பிடச் சொன்னாங்கள்ல." சொல்லிவிட்டு இன்னொரு வாய் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஒரு பிடிக்கு நான் காலையிலிருந்து செத்துப் பிழைத்தேனே, இவள் சொல்வது எத்தனை பிடி? வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வருஷம், அதில் ஒரு பன்னிரண்டு வாரம். எங்கள் லாரி கோயம்புத்தூருக்குப் போகிறதில்லை, ஒட்டன்சத்திரத்தோடு சரி. அங்கிருந்து எங்கே போகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் கோஸாக இருக்காது, மேல்மலையில் எத்தனை பேர் போடுகிறார்கள். அவர்களும் டிரம்மில் கலக்குகிறார்கள், அவர்கள் வீட்டிலும் தனியாக ஒரு பாத்தி இருக்கிறது. கோஸால்தான் ஆயிற்று என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. கோஸால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை, யாரும் எங்களைக் கேட்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவர்களில் அதைக் கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இவள் பிள்ளை பெற்று, மூன்று மாதமோ ஐந்து மாதமோ இருந்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவாள். அந்தத் தெருமுனைக்குப் போவாள். அட்டையைப் பார்ப்பாள்.

மடியில் இருந்த போன் அடித்தது. டவர் எழுந்துவிட்டது போல.

"ஏ வேலு, எத்தன தடவ போன் போட்டுருக்க, என்னா?" என்றார் இந்துவின் அப்பா. பின்னால் சந்தைச் சத்தம்.

"ஒண்ணுமில்ல. வீட்டுக் கோஸு எத்தன வரிசைன்னு கேக்கத்தான்."

"ஆறு. பாப்பாவுக்காக ஒண்ணு சேத்துப் போட்டேன்னு சொன்னேன்ல. இந்தா பாரு, கோஸு நல்லாப் போயிருச்சு, ஞாயித்துக்கெழம இன்னொரு லோடு கேக்குறாங்க. நான் மூணு மணிக்கு வந்துருவேன், இன்னிக்கே ஒரு ரவுண்டு அடிச்சு விட்டுருவோம். டிரம்முல தண்ணி ரொப்பி வையி. பாப்பாவப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிச்சிரு. அந்த வாட அவளுக்கு ஆகாது."

போனை வைத்துவிட்டார். இந்து தட்டை வழித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவா? என்ன சொன்னாரு?"

"சாயங்காலம் உன்னையப் பெரியப்பா வீட்டுக்குப் போகச் சொன்னாரு."

"எதுக்கு?"

சமையல் என்று சொல்லலாம், வீடு மெழுகுகிறோம் என்று சொல்லலாம். பயமுறுத்தாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்தது.

"கோஸுக்கு மருந்தடிக்கணும்" என்றேன்.

"எந்தக் கோஸுக்கு?"

"நீ கடைல வாங்குற கோஸுக்கு" என்றேன்.